டீப் பைட்டுக்கு மினி ஸ்க்ரூ: போடுவதற்கு முன் நான் கேட்டிருக்க வேண்டியவை

முன்பெல்லாம் வாயை மூடினால் என் கீழ் முன்பற்கள் நான்கும் மேல்பற்களுக்குப் பின்னால் முழுசாக மறைந்துவிடும். கீழ்ப்பல்லின் நுனி மேலண்ணத்து ஈறில் முட்டி முட்டி அங்கே எப்போதும் ஒரு சிவந்த தடம் இருக்கும். சிரித்தால் மேல்பல்லுக்கு மேலே 5 மி.மீ. ஈறு தெரியும். இதைச் சரிசெய்ய முதல் தடவை கிளிப் போட்டதில் 14 மாதமும் 40,100 ரூபாயும் கரைந்தன, பலன் நிற்கவில்லை. இரண்டாவது தடவை எலும்பில் மினி ஸ்க்ரூ என்ற குட்டித் திருகு வைத்துச் செய்ததில் 22 மாதம், 79,000 ரூபாய். இப்போது பல் சரியாக இருக்கிறது. ஆனால் அந்த 79,000-இல் கொஞ்சமும், அந்த 22 மாதத்தில் சில மாதங்களும், கேள்வி கேட்கத் தெரியாததால் போனவை. கூட யாரும் இல்லை, தெரிந்தவர்களில் இதைச் செய்துகொண்டவரும் இல்லை. அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

முதலில் டீப் பைட் என்றால் என்ன என்று தெளிவாக்கிவிடுகிறேன். மேல் முன்பல் கீழ் முன்பல்லை 2 அல்லது 3 மி.மீ. மறைப்பது இயல்பு. அதற்கு மேல் போகப் போகக் கடி ஆழமாகிறது. ஆனால் ஆழமாவதற்குக் காரணம் எல்லோருக்கும் ஒன்றல்ல. சிலருக்கு மேல் முன்பல் வேரோடு அதிகம் கீழே இறங்கியிருக்கும். சிலருக்குக் கீழ் முன்பல் அதிகம் மேலே எழும்பியிருக்கும். சிலருக்கு இரண்டும் சரியாக இருந்து, கடைவாய்ப் பற்கள் போதிய அளவு முளைக்காமல் குட்டையாக நின்றிருக்கும். பலருக்கு இது கலவையாக இருக்கும். எதை நகர்த்த வேண்டும் என்பது இதைப் பொறுத்துத்தான். கண்ணாடி முன்னால் நின்று 'எம்மா' என்று சொல்லிவிட்டு உதட்டைத் தளர விடுங்கள். மேலுதட்டுக்குக் கீழே மேல் முன்பல் எத்தனை மி.மீ. தெரிகிறது? 2 முதல் 4 என்றால் மேல்பல் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது. எனக்கு 6. அப்படியானால் மேல்பல்லைத்தான் எலும்புக்குள் மேலே ஏற்ற வேண்டும். 2 மட்டுமே தெரிகிறவருக்கு மேல்பல்லை ஏற்றினால் பேசும்போது பல்லே தெரியாது, முகம் பத்து வயது கூடிப்போகும். அவருக்குக் கீழ்ப்பல்லை இறக்குவதுதான் வழி. முதல் கிளினிக்கில் ஸ்கேல் வைத்து என் உதட்டை யாரும் அளக்கவில்லை. அளக்க வேண்டும் என்று எனக்கும் தெரியாது.

அங்கே செய்தது, வளைவைத் திருப்பிப் போட்ட நிக்கல் டைட்டானியம் கம்பி. கீழ்த்தாடையில் பல்வரிசை கிண்ணம் போலக் குழிந்திருந்தால், அதற்கு எதிர்த் திசையில் வளைந்த கம்பியைக் கட்டுவார்கள். கம்பி நேராக நிமிர முயலும்போது முன்பல் கொஞ்சம் அமுங்கும், கடைவாய்க்கு முந்திய பற்கள் மேலே எழும். கடைப்பல் 1 மி.மீ. எழும்பினால் முன்னால் கடி ஏறத்தாழ 2 மி.மீ. திறந்துவிடும், தாடை ஒரு கீல் மாதிரி சுழல்வதால். வளர்கிற பிள்ளைகளுக்கு இது நன்றாகவே வேலை செய்யும். வளர்ச்சி நின்றவர்களுக்கு, மெல்லும் தசை வலுவாக இருந்தால், எழும்பிய கடைப்பல்லைத் தசை மறுபடி அழுத்திவிடும் வாய்ப்பு அதிகம். எனக்கு வயது 29. கடி திறந்த மாதிரி தெரிந்தது, கிளிப்பைக் கழற்றிய சில மாதத்திலேயே மூடிக்கொண்டது. ஈறு தெரிவது ஒரு மி.மீ. கூடக் குறையவில்லை, ஏனென்றால் மேல்பல்லை யாரும் தொடவே இல்லை.

இன்னொரு வதை, பிராக்கெட் விழுவது, அதாவது கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டும் குட்டித் துண்டு விழுவது. டீப் பைட்டில் கீழ்ப்பல்லின் முன்பக்கம் ஒட்டிய பிராக்கெட்மேல் மேல்பல் நேராக வந்து இடிக்கும். கடியைத் தற்காலிகமாகத் தூக்கிவைக்காமல் ஒட்டினால் விழத்தான் செய்யும். ஏழு தடவை விழுந்தது, ஒவ்வொரு தடவையும் 300 ரூபாய். 'கடினமானதைக் கடிச்சிருப்பீங்க' என்று ஒவ்வொரு தடவையும் எனக்கே திட்டு. முறுக்கைப் பார்த்தே ஒரு வருடம் ஆகியிருந்தது. கீழே பிராக்கெட் ஒட்டும் நாளிலேயே 'கடியை எதை வைத்துத் தூக்கப் போகிறீர்கள்?' என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் ஒட்டுவதைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள்.

இரண்டாவது கிளினிக்கில் ஓபிஜி என்ற முழு வாய் எக்ஸ்ரே, பக்கவாட்டுத் தலை எக்ஸ்ரே, முன்பற்களுக்குத் தனியாகச் சின்ன எக்ஸ்ரே, பல் அச்சு எல்லாம் எடுத்தபிறகு, மேல் முன்பற்கள் நான்கையும் 3.5 மி.மீ. ஏற்ற வேண்டும், அதற்கு மினி இம்ப்ளான்ட் இரண்டு தேவை என்றார்கள். இம்ப்ளான்ட் என்றதும் விழுந்த பல்லுக்குப் பதிலாக வைப்பார்களே, அதை நினைத்து ஒரு வாரம் தூக்கம் போனது. இரண்டும் வேறு. பல் இம்ப்ளான்ட் எலும்போடு ஒட்டிப்போக வேண்டும். இது ஒட்டவே கூடாது, வேலை முடிந்ததும் திருகி எடுத்துவிட வேண்டும். டைட்டானியம் கலவையில் செய்த திருகு, எனக்கு வைத்தது 1.5 மி.மீ. குறுக்களவு, 8 மி.மீ. நீளம். கிராம்பை விடச் சின்னது. அதன் வேலை ஒன்றே ஒன்று, அசையாமல் நிற்பது. பல்லை இழுக்க இன்னொரு பல்லைப் பிடிமானமாக வைத்தால் அந்தப் பல்லும் சேர்ந்து நகரும். மேல் முன்பல்லை ஏற்றக் கடைவாய்ப்பல்லைப் பிடித்தால், முன்பல் ஏற ஏறக் கடைவாய்ப்பல் சாயும் அல்லது எழும்பும். எலும்பில் நிற்கிற திருகுக்கு இந்தச் சிக்கல் இல்லை, அதற்கும் பல்லின் கம்பிக்கும் நடுவே ரப்பர் மாட்டி இழுப்பார்கள். இது நேற்று வந்த யோசனையும் இல்லை. 1983-இல் அமெரிக்காவில் கிரீக்மோர், எக்லண்ட் என்ற இருவர் மூக்கின் அடியில் துருத்தி நிற்கும் மூக்குமுள் எலும்புக்குக் கீழே ஒரு திருகு வைத்து மேல் முன்பற்களை ஏற்றிக் காட்டினார்கள். அதுவும் டீப் பைட் கேஸ்தான். 1997-இல் ஜப்பானில் கனோமி 1.2 மி.மீ. திருகால் கீழ் முன்பற்களை இறக்கினார். இதைப் படித்த பிறகுதான் எனக்குப் பயம் குறைந்தது.

திருகு முதல் நாளே வராது. முதல் ஆறு மாதம் பல்லை வரிசைப்படுத்துவதிலேயே போகும், ஏனென்றால் 0.017 × 0.025 அங்குலக் கனமான ஸ்டீல் கம்பி நான்கு முன்பல்லிலும் நேராக உட்கார்ந்த பிறகுதான் நான்கையும் ஒரே கட்டாக இழுக்க முடியும். அதற்கும் முன்னால் ஈறு சுத்தமாக இருக்க வேண்டும். இதை வெறும் க்ளீனிங் பில் என்று நினைத்து நான் தள்ளிப்போடப் பார்த்தேன். தள்ளக் கூடாது. பல்லைக் காரை படிந்தபடியே எலும்புக்குள் ஏற்றினால், மேலே இருந்த அழுக்கு ஈறுக்கு உள்ளே போய்ச் சேரும், அங்கிருந்து எலும்பைத் தின்னும். ஈறில் ரத்தக் கசிவு இருக்கும்போது ஏற்றலைத் தொடங்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கடியைத் தூக்க, மேல் முன்பல்லின் பின்பக்கம் இரண்டு சின்ன மேடு ஒட்டினார்கள். கீழ் முன்பல் அந்த மேட்டில் வந்து நிற்கும், கடைவாய் எங்கும் ஒட்டாது. பிராக்கெட் விழுவது அன்றோடு நின்றது. ஆனால் மெல்ல முடியாது என்பதை யாரும் சொல்லவில்லை. முதல் மூன்று வாரம் சோற்றைக் குழைத்து ரசம் விட்டு விழுங்கியதுதான். இட்லி, இடியாப்பம், பருப்புக் கடைசல் சரிப்படும். கீரை கடைந்தால் சரி, பொரியலாகச் செய்தால் நூல்நூலாகப் பிராக்கெட்டில் சிக்கும். சப்பாத்தி வேண்டாம். 'ச'வும் 'ஸ'வும் குழறும், பத்து நாளில் சரியாகும். முக்கியமான பரீட்சையோ இன்டர்வியூவோ இருந்தால் இந்த மேட்டை அதற்கு முன் வாரத்தில் ஒட்டிக்கொள்ளாதீர்கள்.

ஏழாவது மாதம் திருகு. எதிர்பார்த்த பயங்கரத்துக்கும் நடந்ததற்கும் சம்பந்தமே இல்லை. 0.2 சதவீதக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் கரைசலால் ஒரு நிமிடம் கொப்பளிப்பு, பிறகு ஈறில் ஒரு சிட்டிகை ஊசி. வேண்டுமென்றே குறைவாகத்தான் போடுவார்கள். ஈறு மரத்துப்போக வேண்டும், பல்லின் வேர் மரத்துப்போகக் கூடாது. திருகு தவறி வேரைத் தொட்டால் கூர்மையான வலி எழும், அதுதான் டாக்டருக்கு எச்சரிக்கை. 'இன்னும் கொஞ்சம் ஊசி போடுங்க' என்று கெஞ்சாதீர்கள். வலித்தால் கையைத் தூக்குங்கள், அதை அடக்கிக்கொள்ளவும் வேண்டாம். பக்கவாட்டு வெட்டும் பல்லுக்கும் கோரைப்பல்லுக்கும் நடுவே, இருபுறமும் ஒவ்வொன்று. சின்னப் பித்தளைக் கம்பியைப் பிராக்கெட்டில் கட்டி எக்ஸ்ரே எடுத்து, இரண்டு வேருக்கு நடுவே எங்கே இடம் என்று பார்த்தார்கள். திருகின் இரண்டு பக்கமும் குறைந்தது ஒரு மி.மீ. எலும்பாவது மிஞ்ச வேண்டும். கைப்பிடித் திருகியை வைத்து மெதுவாகச் சுற்றும்போது வலி தெரியவில்லை, யாரோ கட்டைவிரலால் முகத்தை அழுத்துவது மாதிரி ஒரு பாரம். ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிடம். அன்று இரவு ஒரே ஒரு பாரசிட்டமால். கிளிப் முதலில் கட்டிய வாரத்து வலிக்கு இது கால் பங்குகூட இல்லை. ஐபுப்ரோஃபென் வகை மாத்திரையை நாள்கணக்கில் போடக் கூடாது, அது பல் நகர்வதையே மந்தப்படுத்தக்கூடும் என்பதால் பாரசிட்டமால்தான் எழுதிக் கொடுப்பார்கள்.

இனி வருவதுதான் நான் ஏமாந்த இடம். உதட்டைத் தூக்கிக் கண்ணாடியில் பாருங்கள். பல்லை ஒட்டி வெளிறிய ரோஜா நிறத்தில் அசையாத ஈறு ஒரு பட்டையாக இருக்கும். அதற்கு மேலே கருஞ்சிவப்பாக, ரத்த நாளம் தெரிகிற, உதட்டை ஆட்டினால் கூடவே ஆடுகிற தொளதொளத்த சதை. திருகின் தலை அந்த வெளிறிய பட்டைக்குள், அதிகம் போனால் இரண்டும் சேரும் கோட்டில் இருக்க வேண்டும். எனக்கு வலதுபக்கம் கோட்டில் அமைந்தது, இடதுபக்கம் கோட்டைத் தாண்டி 2 மி.மீ. மேலே. டாக்டர் வேண்டுமென்று தவறு செய்தார் என்று சொல்லமாட்டேன். மேலே போகப் போக வேர் குறுகும், நடுவே இடம் கூடும். தவிர, பல் 3.5 மி.மீ. ஏறும்போது கம்பியும் திருகை நோக்கி ஏறும், திருகு தாழ்வாக இருந்தால் கடைசியில் இழுக்க இடைவெளியே மிஞ்சாது. அதனால் மேலே வைக்க ஆசை வரும். ஆனால் ஆடுகிற சதையில் வைத்த திருகைச் சுற்றி உராய்வு, வீக்கம், அழுக்கு. இரண்டாவது வாரம் சதை தலையைப் பாதி மூடிவிட்டது. ஐந்தாவது வாரம் நாக்கால் தொட்டால் அசைந்தது.

வைக்கிற திருகுகளில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து இப்படித் தளரும், பெரும்பாலும் முதல் சில மாதத்துக்குள். ஆகவே தளர்வது அதிசயமல்ல. அடுத்து நான் செய்ததுதான் முட்டாள்தனம். அடுத்த அப்பாயின்ட்மென்ட் மூன்று வாரத்தில்தானே, அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அந்த மூன்று வாரமும் வலதுபக்கம் மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. நான்கு பல்லும் ஒரே கட்டு என்பதால் முழு வரிசையும் வலதுபக்கம் ஏறி, இடதுபக்கம் தாழ்ந்து, சிரிப்பு சாய்ந்துவிட்டது. அதைச் சமன்படுத்த மட்டும் கூடுதலாக இரண்டு மாதம். ஒரு பக்கம் ஆடினால் அன்றே போன் செய்யுங்கள். மறுபக்க ரப்பரையும் உடனே கழற்றச் சொல்லுங்கள், கொஞ்ச நாள் இழுக்காமல் விட்டாலும் நஷ்டமில்லை. ஆடும் திருகை அதே துளையில் மறுபடி முறுக்கினால் நிற்காது. எடுத்துவிட்டுப் பக்கத்தில் வேறு இடத்தில் புதிதாக வைக்க வேண்டும். எனக்கு இரண்டாவது தடவை கோட்டுக்குச் சரியாகக் கீழே வைத்தார்கள், கடைசிவரை நின்றது. அதற்கு இன்னொரு 4,000 ரூபாய். திருகு விழுந்தால் மாற்றுத் திருகு யார் செலவு என்று ஆரம்பத்திலேயே பேசி, சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பல கிளினிக்குகளில் இலவசமாகவே மாற்றித் தருகிறார்கள் என்று பின்னால்தான் கேள்விப்பட்டேன். வயிற்றெரிச்சல்.

பராமரிப்பு பெரிய விஷயமில்லை, தினமும் செய்வதுதான் விஷயம். பல்லிடுக்குத் துலக்கும் குட்டி பிரஷ் ஒன்று வாங்கி, திருகின் தலையைச் சுற்றி இரண்டு வேளையும் மெதுவாகச் சுற்ற வேண்டும். பெரிய பிரஷின் பின்பக்கம் திருகில் இடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு 7 முதல் 10 நாள் போதும், தொடர்ந்தால் பல்லில் காவிக்கறை ஏறும், காப்பி குடிப்பவர்களுக்கு இன்னும் சீக்கிரம். உதட்டின் உள்பக்கம் குத்தினால் மெழுகை உருட்டித் திருகின்மேல் ஒட்டுங்கள், ஒரு வாரத்தில் உதடு பழகிவிடும். நாக்கால் நோண்டுவதை மட்டும் நிறுத்தவே முடியவில்லை, அதற்கு மருந்து கிடையாது.

இழுவிசையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பல்லை எலும்புக்குள் ஏற்றும்போது விசை முழுவதும் வேரின் நுனியில் குவியும். அதிகமானால் பல் வேகமாக ஏறாது, வேர்தான் கரையும். ஒரு முன்பல்லுக்கு 10 முதல் 15 கிராம் அளவு, நான்குக்கும் சேர்த்து 60-க்குள். அதாவது ஒரு பக்கத்துக்கு 30 கிராம், பத்து ரூபாய் நாணயம் நான்கு சேர்ந்த எடைகூட இல்லை. புதுப் பவர் செயினை, அதாவது வளையம் வளையமாகக் கோத்த ரப்பரை, இழுத்து மாட்டினால் சுலபமாக 100-ஐத் தாண்டும். என் டாக்டர் இழுவிசையை அளக்கப் பேனா மாதிரி ஒரு டோன்ட்ரிக்ஸ் அளவுகோல் வைத்திருந்தார். அதன் கொக்கியில் ரப்பரை மாட்டி, உள்ளே கோடு எவ்வளவு வெளியே வருகிறது என்று பார்த்து, கூடினால் ஒரு வளையம் விட்டுக் கட்டுவார். அளக்காமல் 'நல்லா டைட்டா கட்டிட்டேன்' என்றால் சந்தோஷப்படாதீர்கள். ரப்பர் முதல் நாளிலேயே பாதி வலுவை இழந்துவிடும் என்பதால் நான்கு வாரத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். மாதத்துக்கு 0.5 மி.மீ. ஏறினால் அதுவே நல்ல வேகம். கண்ணாடியில் முதல் இரண்டு மாதம் எதுவும் தெரியாது, அதனால் மாதாமாதம் ஒரே கோணத்தில் ஒரு போட்டோ எடுத்துவையுங்கள். இன்னொன்று, விசை பல்லின் முன்பக்கத்தில் விழுவதால் பல் ஏறிக்கொண்டே முன்னால் சாயும். எனக்குப் பல் ஏற்கெனவே உள்நோக்கிச் சாய்ந்திருந்ததால் முதலில் அது நல்லதாகப் போனது. பிறகு மேற்கொண்டு சாயாமல் இருக்க, கம்பியின் முனையைக் கடைவாய்ப்பல்லில் ஒட்டிய குழாய்க்குப் பின்னால் மடக்கிவிட்டார்கள். பல் ஏற்கெனவே துருத்தியவர்களுக்கு இந்த மடக்கு முதல் நாளே இருக்க வேண்டும்.

ஏற்றல் தொடங்கிய நான்காம் மாதம் முன்பற்களுக்கு எக்ஸ்ரே எடுத்ததில் இரண்டு நடுப்பல்லின் வேர்நுனியும் கொஞ்சம் மழுங்கியிருந்தது. வயிற்றில் புளி கரைத்தது. உடனே ரப்பரைக் கழற்றி இரண்டு மாதம் சும்மா விட்டார்கள், அந்த ஓய்வில் வேரின் மேற்பரப்பு ஆறிக்கொள்ளும். பிறகு விசையை இன்னும் குறைத்துத் தொடர்ந்தார்கள், மேற்கொண்டு கரையவில்லை. சிறிதளவு கரைவது சகஜம், பல் ஆட்டம் காணாது. ஆனால் நடுவில் எக்ஸ்ரே எடுக்காவிட்டால் எப்போது நிறுத்துவது என்று யாருக்கும் தெரியாது. ஆரம்ப எக்ஸ்ரேயை மொபைலில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஊர் மாறினாலும் டாக்டர் மாறினாலும் ஒப்பிட உதவும்.

கடைசியில் 3 மி.மீ. ஏறியது, மீதியைக் கீழ் வரிசையை லேசாகச் சமப்படுத்திச் சரிக்கட்டினார்கள். யாரும் முன்கூட்டிச் சொல்லாத இன்னொரு விஷயம் இங்கே. பல் ஏறுகிற அளவுக்கு ஈறு ஏறாது. ஈறு பல்லின்மேல் குவிந்து, பல் குட்டையாக, பால்பல் மாதிரி தெரியும். லேசர் வைத்து ஓரத்தைச் சீராக்கினார்கள், 4,500 ரூபாய். கிளிப் கழற்றி மூன்று மாதம் பொறுத்துப் பார்த்திருந்தால் வீக்கம் வடிந்து அதில் பாதி தானாகவே சரியாகியிருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். அவசரப்பட்டது நான்தான்.

பணக் கணக்கில் கிளிப்புக்கு 60,000, திருகு மூன்றுக்கும் 12,000, ஈறுக்கு 4,500. இவ்வளவு செலவழிக்க முடியாதவர்கள் பல் மருத்துவக் கல்லூரிகளின் பல் சீரமைப்புத் துறைக்குப் போய்ப் பாருங்கள். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் இதற்கென்றே முதுநிலைப் படிப்பு இருக்கிறது. செலவு குறையும், காத்திருப்பு கூடும், மாதாமாதம் அரை நாள் லீவு போட வேண்டும். முதுநிலை மாணவர் படிப்பு முடித்துப் போனால் உங்கள் ஃபைல் அடுத்தவர் கைக்கு மாறும், அதனால் திட்டத்தை ஒரு தாளில் கேட்டு வாங்கி வைத்திருப்பது நல்லது.

திருகை எடுக்கும் நாளுக்காகப் பயந்துகொண்டிருந்தேன். ஊசிகூடப் போடவில்லை, மரப்புக் களிம்பு தடவி எதிர்ப்பக்கமாகச் சுற்றினார்கள், ஒன்றுக்கு ஒரு நிமிடம். இரண்டு துளி ரத்தம், நாலைந்து நாளில் துளை தூர்ந்தது. அன்றோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தால் அதுவும் தப்பு. டீப் பைட் திரும்ப மூடிக்கொள்ளத் துடிக்கும். மேலும் கீழும் பல்லுக்குப் பின்னால் மெல்லிய கம்பி ஒட்டினார்கள். மேலே கழற்றி மாட்டும் ஹாலே பிளேட் ஒன்று, கீழ் முன்பல் வந்து நிற்க முன்பக்கம் சின்ன மேடு வைத்தது. ஆறு மாதம் முழுநேரமும், அதன்பின் இரவில் மட்டும். சாப்பிடும்போது கழற்ற வேண்டும், கழற்றினால் அதன் டப்பாவில்தான் வைக்க வேண்டும். ஒரு கல்யாணப் பந்தியில் டப்பா கையில் இல்லையென்று டிஷ்யூவில் சுற்றி இலையோரம் வைத்தேன், கை கழுவிவிட்டு வருவதற்குள் இலையோடு சுருட்டி எடுத்துவிட்டார்கள். முதலில் சொன்ன 79,000-இல் கடைசி 2,500 அந்தப் பிளேட்டுக்கு.